சீல் வைத்த ரூபாய்

சார், ஒரு நிமிஷம். அதை மறுபடி பைக்குள்ள போடாதீங்க, நான் ஒண்ணும் பிடுங்கிர மாட்டேன். மதுரை நாணயக் கண்காட்சியில வாங்கினதுதானே? அந்த ஸ்லாப்பைத்தான் சொல்லுதேன், அந்தப் பிளாஸ்டிக் டப்பாவை. விருதுநகர்ல இருந்து அதை மூணு தடவை எடுத்துப் பாத்துட்டிய. நானும் மூணு தடவை வாயைப் பொத்திக்கிட்டு இருந்தேன். பஸ்ஸு சாத்தூர் வந்துட்டு, இனிமே என்னால முடியாது.

அழகாத்தான் இருக்கு, இல்லைங்கல. உள்ள காசு, மேல சீட்டு, சீட்டுல நம்பர், நம்பருக்குப் பக்கத்துல பளபளன்னு ஒரு ஸ்டிக்கர். எழுபதுக்கு அறுபத்தஞ்சு போட்டிருக்கான். எஸ்.எஸ்.எல்.சி.யில கணக்குல நான் வாங்கினது முப்பத்தாறு. என் வீட்டுல ஒரு காலணா அறுபத்தேழு வாங்கியிருக்கு. என் வீட்டுக்காரி சொன்னா, "இந்த வீட்டுலயே நல்லாப் படிச்சது இந்தக் காலணாதான்"னு.

உங்க காசைக் குறை சொல்லல. அது நல்ல காசாவே இருக்கட்டும். நேர்மையா மார்க் போடுத கம்பெனியும் உண்டு, இல்லாம இல்ல. நான் சொல்ல வந்தது என் கதை. நீங்க நாகர்கோவிலா? அப்ப நேரம் இருக்கு. நான் திருநெல்வேலி.

என் பேரு குற்றாலிங்கம். முத்திரை ஆய்வாளரா இருந்து ஓய்வு பெற்றவன். முத்திரைன்னதும் எல்லாரும் தபாலாபீசுன்னு நினைப்பாங்க. அது இல்ல. தராசு, எடைக்கல், லிட்டர் படி, பெட்ரோல் பங்க் மீட்டர், இதெல்லாம் சரியா இருக்கான்னு சோதிச்சு அரசாங்க முத்திரை குத்துத உத்தியோகம். எடைக்கல்லைக் கவுத்திப் பாத்திருக்கியளா? அடியில ஒரு குழி இருக்கும், குழியில ஈயம் இருக்கும், ஈயத்துல ஒரு குத்து இருக்கும். தென்காசியில இருந்து திசையன்விளை வரைக்கும் அது என் குத்து. முப்பத்தோரு வருஷம் குத்தியிருக்கேன்.

நுகர்வோர் தினம் வந்தா என்னைத்தான் பேசக் கூப்பிடுவாங்க. "ஆத்துல போட்டாலும் அளந்து போடு, அண்ணன் தம்பியா இருந்தாலும் நிறுத்து வாங்கு"ன்னு ஆரம்பிப்பேன். கைதட்டு பிரமாதமா விழும். பேசி முடிச்சு வீட்டுக்கு வரும்போது வழியில தக்காளி வாங்குவேன். கடைக்காரன் கல்லு வைக்கதைப் பாக்கவே மாட்டேன். பாக்க வேண்டியது இல்லைலா, நான் முத்திரை குத்தின கல்லு. அவனும் பத்தில ரெண்டு தக்காளி அழுகலாப் போட்டு அனுப்புவான்.

சந்தைக்குச் சந்தை முகாம் போடுவோம். பாவூர்சத்திரம் சந்தையில ஒரே நாள்ல நானூறு கல்லு வரும். ஒவ்வொண்ணாவா நிறுக்க முடியும்? பத்துக்கு ஒண்ணை நிறுத்துப் பாப்போம், மத்ததுக்குக் குத்திக் கொடுத்திருவோம். கடைக்காரன் மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சிருமே. அனுபவம் சார்.

சரி, காசுக்கு வாரேன். ரிடையர்டு ஆனதும் கை சும்மா இருக்க மாட்டேங்குது. ஜங்ஷன் பக்கம் காஜா மைதீன்னு ஒருத்தன் வாட்ச் ரிப்பேர் கடை வச்சிருந்தான். இப்பவும் வச்சிருக்கான். என்னைவிட ஆறு வயசு இளையவன். வாட்ச் பாக்கது பிழைப்பு, காசு சேக்கது பைத்தியம். பழைய ரூபாயை விரல் நுனியில வச்சு இன்னொரு ரூபாயால ஒரு தட்டு தட்டுவான், காதைக் கொடுப்பான், "இது வெள்ளிதான் அண்ணாச்சி"ம்பான். அப்புறம் ஒத்தைக் கண்ணுல அந்தப் பூதக்கண்ணாடியை மாட்டிக்கிட்டு எழுத்தைப் பாப்பான். அப்புறம் எலெக்ட்ரானிக் தராசுல வைப்பான். ஆக மூணு சோதனை. அதுக்கப்புறமும் சந்தேகம்னா வாங்க மாட்டான், விக்கவும் மாட்டான்.

காசு ஆசையை எனக்குத் தொத்த வச்சது அவன்தான். எனக்கு ரூபாயைப் பிடிச்சதுக்குக் காரணம் வேற. பழைய வெள்ளி ரூபாயே ஒரு எடைக்கல்லு சார். ஒரு ரூபா எடை ஒரு தோலா. மூணு ரூபா எடை ஒரு பலம். அந்தக் காலத்துல ஆசாரிமாரு ரூபாயைத் தட்டுல போட்டுத்தான் நகை நிறுத்தாங்க. பதினொண்ணு புள்ளி அறுபத்தாறு கிராம். எங்க டிபார்ட்மெண்ட்டு எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் எண்ணு. உறக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அதைச் சொல்லத் தெரிஞ்ச வாய்க்குத்தான் இந்தக் கதி வந்தது.

நாங்க ரெண்டு பேரும் இன்னும் பதினாறு பேரும் சேந்து ஒரு சங்கம் வச்சிருக்கோம். மாசத்துல ரெண்டாவது ஞாயித்துக்கிழமை, சாயந்திரம் அஞ்சு மணிக்கு, புது பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துல ஒரு பள்ளிக்கூடத்துல கூடுவோம். நான் தலைவர். காஜாதான் என் பேரை முன்மொழிஞ்சான். "அண்ணாச்சி கவர்மெண்ட்டுல இருந்தவங்க, அவங்க சொன்னா ஒரு மதிப்பு இருக்கும்"னான்.

நாலு வருஷத்துக்கு முன்னால ஒரு கம்பெனி வந்துது. பேரைச் சொல்ல மாட்டேன், வக்கீல் நோட்டீசு வரும். பேருக்கு நடுவுல 'இன்டர்நேஷனல்'னு ஒரு வார்த்தை உண்டு. ஒரு லாட்ஜ் ஹால்ல முகாம். மூணு பேரு, மே மாசத்துல, கோட்டும் டையும். ஒருத்தன் கையில வெள்ளைக் கையுறை. அதுலயே நான் விழுந்துட்டேன். முப்பத்தோரு வருஷ சர்வீசுல எனக்கு அரசாங்கம் ஒரு கையுறை கொடுத்ததில்ல.

காசைக் கொடுத்தா பாத்து, மெய்யா பொய்யான்னு சொல்லி, எழுபதுக்கு மார்க் போட்டு, டப்பாவுல வச்சு ஒட்டித் தருவாங்களாம். ஒட்டினா ஒட்டினதுதான், உடைக்காமத் திறக்க முடியாது. உடைச்சா சான்று செல்லாது. அவன் இதைச் சொன்னானோ இல்லையோ, எனக்கு உடம்பு புல்லரிச்சுப் போச்சு. முத்திரையை உடைச்சா செல்லாதுன்னு எத்தனை கடைக்காரன் மேல கேசு போட்டிருக்கேன்! நம்ம சாதிக்காரன் ஒருத்தன் வந்துட்டான்னு நினைச்சேன். சாதின்னா அந்தச் சாதி இல்ல, சீல் குத்துத சாதி.

காஜா என் காதுல, "அண்ணாச்சி, இவங்களே காசு விக்காங்க, இவங்களே மார்க்கும் போடுதாங்க. பரீட்சை எழுதுதவனே பேப்பர் திருத்துத மாதிரில்லா இருக்கு"ன்னான். நான், "உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்வே"ன்னுட்டேன்.

அதுக்கப்புறம் என் ஆட்டத்தைக் கேக்காதீங்க. கையில இருந்த காசெல்லாம் டப்பாவுக்குள்ள போச்சு. அம்பத்தெட்டு வந்தா வருத்தம், அறுபத்திரண்டு வந்தா சந்தோஷம், அறுபத்தேழு வந்த அன்னைக்குப் பால் பாயசம். காசைப் பாக்கதையே விட்டுட்டேன், சீட்டைத்தான் பாப்பேன். ஒரு தடவை டப்பாவுல ராணி தலை கீழ கிடந்துது, நாலு மாசமா நான் கவனிக்கல. வீட்டுக்கு வந்த மச்சினன் சொல்லித்தான் தெரியும். சங்கத்துலயும் ஒரு தீர்மானம் போட்டேன், வருஷப் பொருட்காட்சியில கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஸ்லாப் போட்ட காசுதான் வைக்கணும்னு. பதினேழு பேரு கை தூக்கினாங்க. காஜா கையில டீ டம்ளர் இருந்துது.

காஜாகிட்ட ஒரு ரூபா உண்டு. ஆறாம் ஜார்ஜ் தலை போட்டது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொம்பது. உங்களுக்குத் தெரியாததா? முப்பத்தெட்டு எங்கயும் கிடைக்கும், முப்பத்தொம்பது லேசுல அகப்படாது. எட்டைச் சுரண்டி ஒம்பதாக்குத புண்ணியவான்களும் உண்டு, அச்செடுத்து வார்க்குதவங்களும் உண்டு. காஜாவோடது சுத்தமான காசு. அவங்க அத்தா, அதான் அப்பா, அவரு கல்லாவுல கிடந்து வந்தது. அதைப் பாக்கதுக்குன்னு தூத்துக்குடியில இருந்தெல்லாம் ஆளு வரும். அதை டப்பாவுல போட்டுப் பெட்டிக்குள்ள வைக்கணும்னு எனக்கு ஆசை. அவனுக்கு இஷ்டமே இல்ல. ரெண்டு மாசம் நச்சரிச்சேன். "எனக்காகக் கொடுவே"ன்னேன். எனக்காகத்தான் கொடுத்தான்.

கொடுத்த அன்னைக்கு, அவன் கடையில வச்சே, நான் முறைப்படி எல்லாம் செஞ்சேன். பழக்கம் போகுமா? தராசுல வச்சேன். பதினொண்ணு புள்ளி அறுபத்து நாலு. அத்தனை வருஷத் தேய்மானத்துக்கு ரெண்டு புள்ளி குறைஞ்சிருக்கு, நியாயம்தான். விளிம்புல, மன்னர் தலைக்கு நேர் மேல, அரிசி முனை அளவுக்கு ஒரு வெட்டு. அதையும் எழுதினேன். கம்பெனிக்கு எழுதின கடுதாசிக்குக் கார்பன் வச்சு ஒரு நகல் எடுத்துக் கோப்புல போட்டேன். நகலுக்கு வரிசை எண் கூடப் போட்டிருக்கேன்.

ஏழு வாரம் கழிச்சு வந்துது. ஸ்லாப்ல இல்ல. ஒரு பாலித்தீன் கவர்ல காசு, கவர் வாயில கம்பெனி சீல், உள்ள ஒரு சீட்டு. 'மெய்த்தன்மை உறுதி செய்யப்படவில்லை.' அன்னைக்கு ரெண்டாவது ஞாயிறு, சங்கக் கூட்டம். பதினெட்டுப் பேரும் இருந்தோம். நான் தலைவர்லா, சீட்டை எந்திரிச்சு நின்னு வாசிச்சேன்.

காஜா கவரை வாங்கி அப்படி வெளிச்சத்துல பிடிச்சான். கண்ணாடியெல்லாம் மாட்டல. "இது என் காசு இல்ல அண்ணாச்சி"ன்னான்.

"கம்பெனி அப்படியெல்லாம் மாத்தாதுவே"ன்னு சொன்னேன். அம்புட்டுத்தான் சொன்னேன்.

"நிறுத்துப் பாத்தியளா?"ன்னான்.

மேசையில, கைக்கெட்டுத தூரத்துல, சங்கத்துத் தராசு இருந்துது. நான்தான் வாங்கிப் போட்டது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சீல் வச்ச கவரை எப்படிவே பிரிச்சு நிறுக்கது?"ன்னேன். கொடுக்கும்போது ரெண்டு புள்ளி சுத்தமா நிறுத்தவன், வாங்கும்போது நிறுக்கல. ஊரு பூரா மைக் பிடிச்சுச் சொன்னவன் சார்! எடை ஒண்ணு போட்டிருந்தா அங்கனயே வெளுத்திருக்கும். ஒரு நிமிஷ வேலை.

காஜா கவரை மேசையிலயே வச்சுட்டுப் போயிட்டான். அதுக்கப்புறம் சங்கத்துக்கு வரல.

இங்க நிக்குமா? கோவில்பட்டியா? அஞ்சு நிமிஷம் நிப்பான். கடலை மிட்டாய் வாங்குதியளா? எனக்குப் பல்லு இல்ல, நீங்க வாங்கிக்கிடுங்க.

எங்க விட்டேன்? ஆங். நாலு மாசம் கழிச்சு அந்தக் கையுறைக்காரன் போன் பண்ணுதான். "சார், உங்களுக்காகவே ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன். முப்பத்தொம்பது. மார்க் அறுபத்து நாலு. மெட்ராஸ்ல ரெண்டு பேரு கேக்காங்க. உங்க முகத்துக்காகத்தான்." என் முகத்துக்காக! போன்ல எந்த முகத்தைப் பாத்தானோ. சம்பளக் கமிஷன் நிலுவைன்னு ஒரு தொகை வந்துது, அதை அப்படியே தூக்கிக் கொடுத்தேன். வீட்டுல கிரைண்டர் ரிப்பேரு. சண்முகவடிவு, அதான் என் வீட்டுக்காரி, எட்டு மாசம் அம்மியில அரைச்சா. "அரைக்கட்டும், கைக்கு நல்லது"ன்னு சொன்ன மகான் நான்.

பொருட்காட்சிக்கு என் முப்பத்தொம்பதுதான் நடுநாயகம். கீழ வெல்வெட் துணி, மேல சின்ன பல்பு. சுத்தி நின்னு எல்லாரும் படம் எடுக்காங்க. நான் பக்கத்துல நின்னு கல்யாண வீட்டுக்காரன் மாதிரி வாங்க வாங்கன்னுட்டு இருக்கேன். ரெண்டாம் நாள் மத்தியானம் காஜா வந்தான். நேரா அந்தப் பெட்டிக்கு வந்து குனிஞ்சவன் நிமிரவே இல்ல. அஞ்சு நிமிஷம் இருக்கும். எனக்குள்ள ஒரு சின்ன சந்தோஷம் வந்துது சார், மறைக்க மாட்டேன். நல்லாப் பாருவே, வயிறு எரியட்டும்னு நினைச்சேன்.

நிமிந்தான். கண்ணு கலங்கியிருந்துது. "நல்ல காசு அண்ணாச்சி. பத்திரமா வச்சுக்கிடுங்க"ன்னான். போயிட்டான். நான் பக்கத்துல நின்ன பொருளாளர்கிட்ட, "பொறாமை ஆளை எப்படி அழ வைக்கு பாத்தியளா"ன்னேன்.

போன தையில கம்பெனி காணாமப் போச்சு. போன் எடுக்கல. மெட்ராஸ்ல நம்ம ஆளு ஒருத்தர் தேடிப் போனா, இன்டர்நேஷனல் ஆபீசு ஒரு செல்போன் கடை மாடியில இருந்துது, பூட்டிக் கிடந்துது. கீழ் கடைக்காரன் சொல்லியிருக்கான், மாடியில ரெண்டு பையங்கதான் உக்காந்து ஒட்டுவாங்க, மத்தியானத்துக்குள்ள முந்நூறு காசு ஒட்டிருவாங்கன்னு. எனக்கு ஆத்திரம் தாங்கல. ஒரு மத்தியானத்துல முந்நூறு காசை எவன் சார் சோதிக்க முடியும்? பாக்காமலே சான்று கொடுக்கானே, இவனெல்லாம் மனுஷனா? சோறு திங்கானா?

டப்பாக்களை எந்த வியாபாரியும் தொட மாட்டேங்கான். உடைச்சுக் காசை வெளியே எடுத்துக் கொண்டாங்க, காசைப் பாத்து விலை சொல்லுதோம்ங்கான். ஒரு நாள் காலையில பேப்பர் விரிச்சு முத்தத்துல உக்காந்தேன். எதை வச்சு உடைக்க? பாக்குவெட்டிதான் வாகா இருந்துது. முதல் டப்பாவுல பாக்குவெட்டி வாயை வச்சதோட நின்னுட்டேன். சீலை உடைக்கது எனக்குப் பாவம் மாதிரி. சண்முகவடிவு வந்து, "தள்ளுங்க"ன்னு பாக்குவெட்டியை வாங்கி நறுக்குன்னு வெட்டினா. அப்புறம் எல்லாத்தையும் அவதான் வெட்டினா. நான் எடுத்து எடுத்துத் தராசுல வச்சேன்.

அறுபத்தேழு வாங்குன காலணா புளி போட்டுத் துலக்கினது. அறுபத்தஞ்சு வாங்குன வெள்ளி அரை ரூபா காந்தத்துல ஒட்டிச்சு. ஒட்டினதோட விடல, எடுக்க வரல. சண்முகவடிவு சிரிச்ச சிரிப்புல பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பாத்தா. இருபத்து மூணுல ஒம்பது பொய். கடைசியா அந்த முப்பத்தொம்பது.

வெட்டினா. வச்சேன். பதினொண்ணு புள்ளி அறுபத்து நாலு.

குதிச்சேன் சார், இந்த மூட்டு வலியோட. "உண்மைக் காசுடி, இது ஒண்ணாவது உண்மைக் காசு"ன்னு முத்தத்துல ஒரு சுத்து சுத்தினேன். அப்புறம்தான் அந்த எண்ணு உள்ள இறங்குச்சு. அறுபத்தாறு இல்ல, அறுபத்து நாலு. இந்த எண்ணை எங்கயோ என் கையால எழுதியிருக்கேனே? காசைத் திருப்பி விளிம்பைப் பாத்தேன். டப்பாவுல இருந்தவரைக்கும் விளிம்பு தெரியாது, சுத்தி ரப்பர் பிடிச்சிருக்கும். மன்னர் தலைக்கு நேர் மேல, அரிசி முனை அளவு.

கோப்பை எடுத்துப் பாத்தேன். நகல் இருக்கு. வரிசை எண் பதினாலு.

சங்க பீரோவுல கிடந்த அந்தக் கவரையும் போய் எடுத்தாந்து பிரிச்சேன். பத்தே முக்கால் கிராம். வார்த்த காசு. கம்பெனிக்காரன் காஜாவோட காசை வச்சுக்கிட்டு ஒரு கள்ளக்காசை அனுப்பியிருக்கான். காஜா காசையே டப்பாவுல போட்டு, மார்க் போட்டு, எங்கிட்டயே வித்திருக்கான். அனுப்பின ஊருக்கே, அனுப்பின ஆளுக்கே! ஒரு திருடன் அவ்வளவு தைரியமா வரணும்னா, என்னைப் பத்தி என்ன நினைச்சிருப்பான்? சரியாத்தான் நினைச்சிருக்கான்.

சண்முகவடிவு வெட்டின பிளாஸ்டிக்கைப் பேப்பரோட சுருட்டி ஓரமா வச்சா. அப்புறம், "அந்த மனுஷன் பதினஞ்சு வருஷமா நம்ம வீட்டுல சாப்பிட்டவரு. நீங்க ஒருத்தரை நம்பணும்னா அவரு நெத்தியில ஸ்டிக்கர் ஒட்டியிருக்கணுமோ?"ன்னா.  

மூணு நாள் கழிச்சு அவன் கடைக்குப் போனேன். ஒரு வாட்ச்சைத் திறந்து வச்சுக்கிட்டு இருந்தான். காசை எடுத்து மேசையில வச்சேன். நிறுக்கல, தட்டல, கண்ணாடி மாட்டல. ஒரு விரலால தொட்டான். அவ்வளவுதான்.

"பொருட்காட்சியிலயே தெரியும் அண்ணாச்சி"ன்னான்.

"விளிம்புதான் தெரியாதேவே?"

"விளிம்பு எதுக்கு? பெத்த பிள்ளை முதுகைக் காட்டிட்டு நின்னா தெரியாதா?"

"பின்னே ஏன்வே அப்பவே சொல்லல?"

"ஒரு தடவை சொன்னேனே. நீங்க நம்பலியே."

எனக்கு அழுகை வந்துட்டு சார். அங்கனயே, கடையில, வாட்ச்சுக்கு பேட்டரி மாத்த வந்த ஒரு பொம்பளை பாத்துக்கிட்டு நிக்க, அழுதேன். காஜா ஸ்டூலைத் தள்ளிப் போட்டு உக்காரச் சொன்னான். டீ சொன்னான். அந்த நேரத்துலயும் எனக்குச் சக்கரை கம்மியாப் போடச் சொன்னான்.

காசை அவன் பக்கம் நகத்தினேன். என் பக்கம் திருப்பி நகத்திட்டான். "இப்ப நான் வாங்கினா நாம ரெண்டு பேரும் சேந்து எதையோ மறைச்ச மாதிரி ஆயிரும். அன்னைக்குக் கூட்டத்துக்கு அப்புறம் எங்கிட்ட வாங்கின காசை ஏழு பேரு திருப்பிக் கொண்டாந்தாங்க. எல்லாம் நல்ல காசு. திருப்பி வாங்கிக்கிட்டேன். அவங்க கேக்கணும் அண்ணாச்சி. எங்க வச்சுச் சொன்னியளோ அங்கன வச்சுச் சொல்லுங்க, அப்புறம் வாங்கிக்கிடுதேன்"ன்னான்.

நான் உடனே, "சங்கத்து லெட்டர்பேடுல எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி..."ன்னு ஆரம்பிச்சேன். என்னைப் பாத்தான் பாருங்க ஒரு பார்வை. "முத்திரை வேண்டாம். வாயால சொல்லுங்க"ன்னான்.

காசு இந்தா, சட்டைப் பையில இருக்கு. தொட்டுப் பாக்குதியளா? வேண்டாமா? சரி. டப்பா இல்லாம வெறும் காசா ஒரு ரூபாயைப் பையில வச்சுக்கிட்டு அலையுதது இதான் முதல் தடவை.

அது நடந்து மூணு மாசம் ஆச்சு. முதல் மாசக் கூட்டத்தன்னைக்கு எனக்கு வயித்துக் கோளாறு. ரெண்டாவது மாசம் அம்பாசமுத்திரத்துல ஒரு துஷ்டி. இறந்தவரை நான் பாத்தது கிடையாது, ஆனாலும் போகணும்லா. இன்னைக்கு மூணாவது மாசம், ரெண்டாவது ஞாயிறு. மதுரையில கண்காட்சி. அறிவுக்காகப் போனேன்னு சொல்லிக்கிடலாம். காலையில கிளம்பும்போது சண்முகவடிவு இட்லியைத் தட்டுல ரெண்டு கம்மியா வச்சா.

சும்மா இருந்தேன்னு நினைக்காதீங்க. பழகிக்கிட்டுத்தான் இருக்கேன். பஸ்ல, ரயில்ல, டாக்டர் வீட்டு வாசல்ல, இதுவரை ஏழெட்டுப் பேருகிட்டச் சொல்லிப் பாத்துட்டேன். நல்லாச் சொல்ல வருது. பாக்குவெட்டி கட்டத்துல எல்லாரும் சிரிக்காங்க. காந்தத்துல ஒட்டினதுக்கு நீங்களும் சிரிச்சிய. கையுறைக்காரனைத் திட்டுதாங்க. என்னைப் பாவம்ங்காங்க. போன வாரம் ஒருத்தரு எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தாரு.

கங்கைகொண்டான் தாண்டிட்டா?

சார், ஒண்ணு சொல்லணும். கூட்டத்துல காஜா 'இது என் காசு இல்ல'ன்னான்லா. 'கம்பெனி மாத்தாதுவே, அம்புட்டுத்தான் சொன்னேன்'னு உங்ககிட்டச் சொன்னேன். எல்லாருகிட்டயும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு வாரேன். மொதல் ஆளுகிட்டச் சொல்லும்போதே அப்படி வந்துட்டு, அப்புறம் அதுவே படிஞ்சு போச்சு. நான் சொன்னது அது இல்ல.

"கள்ளக்காசு வித்துப் பிழைக்கவன் அகப்பட்டா வேற என்னவே சொல்லுவான்? அப்பன் விட்டுட்டுப் போன சொத்து இதுதானே"ன்னேன். உக்காந்து சொல்லல. எந்திரிச்சு நின்னு, முகாம்ல கடைக்காரங்கிட்டப் பேசுத குரல்ல சொன்னேன். ஒருத்தரு ரெண்டு பேரு சிரிச்சாங்க. மத்தவங்களும் சிரிக்கட்டும்னு நான் கொஞ்சம் பொறுத்து நின்னேன். சிரிச்சாங்க. அவன் அத்தா கல்லாவுல கிடந்த காசு அது. அத்தா இறந்து அப்ப ஒரு வருஷம் கூட ஆகல.

இப்ப நீங்க என்னைப் பாக்கிய பாருங்க, இப்படி யாரும் இதுவரை பாக்கல. நான் பாக்க விட்டதில்ல. பரவாயில்ல, பாருங்க. அவங்க பதினாறு பேரும் இப்படித்தான் பாப்பாங்க. ஒண்ணு கூட்டி, காஜா பதினேழு. அவன் வருவான். நான் வராத ரெண்டு கூட்டத்துக்கும் வந்து கடைசி பெஞ்சில உக்காந்துட்டுப் போயிருக்கான், பொருளாளர் சொன்னாரு.

மணி என்ன சார்? நாலரையா? கூட்டம் அஞ்சுக்கு.

வண்ணார்பேட்டை வந்துட்டு. என் வீட்டுக்கு இங்கதான் எறங்கணும். புது பஸ் ஸ்டாண்டுக்கு இன்னும் பத்து நிமிஷம்.

இல்ல, நீங்க எந்திரிக்க வேண்டாம். காலை மட்டும் கொஞ்சம் ஒடுக்கிக்கிடுங்க, பின்னால ஒரு அம்மா எறங்கணும்ங்காங்க. நான் எறங்கல.